நான்கெழுத்துப் பள்ளிக்கூடம்



எனக்குக் கன்னடம் எழுத்துக்கூட்ட வந்தது பெங்களூரு அல்சூரில், அப்பா முடிவெட்டிக்கொள்ளும் கடையில். கடைக்காரர் கன்னடர், தமிழும் சரளம். பெஞ்சில் கிடக்கும் 'பிரஜாவாணி' நாளிதழின் தலைப்பைச் சீப்பு முனையால் தொட்டுக் காட்டுவார். நான்கே எழுத்து. முதல் எழுத்தில் 'ப'வின் காலடியில் 'ர' வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். "இதுக்குப் பேரு ஒத்து. மேலே இருக்கறதை முதல்ல சொல்லு, கீழே இருக்கறதை அப்புறம் சேத்துக்கோ தம்பி" என்பார். ஒரே 'க'வில் காலம் தள்ளிய எனக்கு, கன்னடத்தின் நாலு 'க'வும் பிடிபட ஒரு வருஷம் ஆனது.

அந்த நாளிதழ் பிறந்த இடம் எது தெரியுமா? ஒரு மதுவிடுதி! சவுத் பரேடு, மகாத்மா காந்தி சாலையாகப் பெயர் மாறிய 1948-ல், அங்கிருந்த 'ஃபனல்ஸ்' விடுதியில்தான் அதன் அலுவலகம் அமைந்தது. வாங்கியவர் பெல்லாரிக்காரர் கே.என்.குருசாமி. செய்துவந்தது மது வியாபாரம். பத்திரிகைத் தொழில் அவருக்குப் புதுசு. ஜூன் 17-ல் ஆங்கிலத்தில் 'டெக்கான் ஹெரால்டு', அக்டோபர் 15-ல் கன்னடத்தில் 'பிரஜாவாணி'. முன்னதற்குப் போத்தன் ஜோசப்பும் பின்னதற்கு நாடகாசிரியர் பி.புட்டசாமய்யாவும் முதல் ஆசிரியர்கள். பிறகு வந்த டி.எஸ்.ராமச்சந்திர ராவின் 'சூ பாணா' நையாண்டிப் பத்தி அதற்கென்றே வாசகர்களைச் சேர்த்தது. 1965-ல் 'சுதா' வார இதழும், 1968-ல் 'மயூரா' மாத இதழும் அதே வீட்டில் பிறந்தன.

என்னை மிகவும் தொட்டது 2012 ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்தநாள். அன்றைய பிரஜாவாணி இதழுக்கு எழுத்தாளர் தேவனூர் மகாதேவாவைச் சிறப்பாசிரியராக அமர்த்தினார்கள். நாற்காலியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது எத்தனை சிரமம் என்பது இந்தப் பக்கத்தை மாதாமாதம் எழுதும் எனக்குத் தெரியும். ஒரு நாளிதழ் எழுபது ஆண்டு தாண்டி நிற்பது அச்சு இயந்திரத்தால் மட்டுமில்லை. புதிதாக வருகிறவருக்குப் பெஞ்சில் இடம் போடுவதால்.

போன வாரம் அதே கடைக்குப் போயிருந்தேன். பிரஜாவாணிக்குப் பக்கத்தில் நம் இதழும் கிடந்தது. கடைக்காரரின் பேத்தி அட்டையில் ஒரு எழுத்தைத் தொட்டு, இது என்னவென்று கன்னடத்தில் கேட்டாள். 'ழ'. நாக்கை மடக்கிச் சொல்லிக்காட்டினேன். மூன்றாம் தடவை அவளுக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு எழுத்துக் கற்றுத்தந்த பத்திரிகை எது? எழுதுங்கள், அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்