ஏலமலைக்கு வராத ஓவியம்

2012 டிசம்பர் 12 அன்று கொச்சியில் முதல் பினாலே கலைக் கண்காட்சி தொடங்கியபோது, ஒரு காலத்தில் மிளகும் இஞ்சியும் ஏற்றுமதி செய்த ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய கட்டடங்களே காட்சிக்கூடம் ஆயின. ஆனால் ஏலம் விளையும் உடும்பஞ்சோலைக்காரர், நல்ல கண்காட்சி பார்க்க எறணாகுளம் தர்பார் ஹாலுக்கோ கோட்டைக் கொச்சிக்கோ மலையிறங்க வேண்டும். தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. பஸ் காசு தனி. இத்தனைக்கும் கலைக்கான கரு இங்கே கொட்டிக் கிடக்கிறது. ரப்பர் வெட்டும் குடும்பத்தில் பிறந்த சஜன் மணி, ரப்பர் ஷீட்டிலேயே படைப்புகள் செய்து பெர்லின் வரை போயிருக்கிறார். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலக்காய் எடுக்க வரும் தேனி மாவட்டப் பெண்களை யார் வரைவது? வரைந்தாலும், அதை அவர்கள் எங்கே பார்ப்பது? புதிதாகக் கட்டடம் எழுப்பச் சொல்லவில்லை (எழுப்பினால் திறப்பு விழாவோடு பூட்டிவிடுவார்கள்). கேரளத்தில் வாசகசாலைகளுக்குப் பஞ்சமில்லை. லலிதகலா அகாதமி ஆண்டுக்கு ஒரு கண்காட்சியையாவது நெடுங்கண்டம் பக்கம் ஒரு வாசகசாலைக்கு அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கட்டும். படத்துக்குக் கீழே மலையாளத்தோடு தமிழிலும் நாலு வரி எழுதட்டும்.