நிரலின் கையில் நீக்கும் அதிகாரம்

கணினியில் ஒரு கோப்பினை நாமே நம் கையால் நீக்குவது ஒன்று. நாம் இயற்றிய நிரல் நம்மைக் கேளாது நீக்குவது மற்றொன்று. முன்னதில் பெரும்பாலும் குப்பைத்தொட்டியென்னும் புகலிடம் ஒன்றுண்டு. பின்னதில், நிரல் இயற்றியவன் வேண்டி அமைத்தாலன்றி, அஃதில்லை. ஆகவே இவ்வதிகாரத்தை நிரலுக்கு மிகச் சுருங்கிய அளவிலேயே வழங்கல் வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

முதற்கண் சொல்லைப்பற்றிச் சிறிது கூறுவாம். தமிழ் பயில்வார்க்கு அஃது இயல்பன்றோ! 'அழித்தல்' என நாம் வழங்கும் செயலுக்கு யூனிக்ஸ் அமைப்பை ஆக்கியோர் 'அன்லிங்க்' எனப் பெயரிட்டனர். பிணைப்பை அறுத்தல் என்பது பொருள். அடைவென்பது உண்மையில் ஒரு பெயர்ப்பட்டியலே. ஒரே கோப்பிற்குப் பெயர்கள் பல இருத்தலுங் கூடும். அன்லிங்க் அவற்றுள் ஒன்றை மாத்திரம் நீக்கும். கடைசிப் பெயரும் நீங்கி, அக்கோப்பைத் திறந்துவைத்திருக்கும் நிரல் யாதொன்றும் இல்லாதபோதுதான் அதன் இடம் விடுவிக்கப்படும். அப்பொழுதும், சாதாரண வன்தட்டாயின், வேறொன்று மேலே எழுதப்படுமளவும் உள்ளே எழுதியவை கிடக்கும். பழங்கணினியை விற்பார், கோப்புகளை அழித்துவிட்டோமென்று மனம் அமைந்திருத்தல் தகாது.

இனி அடைவின் செய்தி. 'ஆர்எம்டிர்' என்னும் கட்டளை வெற்றடைவை மட்டுமே நீக்கும்; உள்ளே ஒரு கோப்பிருப்பினும் மறுத்துவிடும். இம்மறுப்பைத் தொல்லையென்பாரும் உளர். நாமோ இதனைப் பெரிதும் பாராட்டுவோம். பைத்தான் மொழியில் 'ஷட்டில்.ஆர்எம்ட்ரீ' என ஒரு செயற்கூறு உண்டு. அஃது உள்ளடைவுகளையும் கோப்புகளையும் ஒருங்கே துடைத்துவிடும். ஒரே வரியில் காரியம் முடிகிறதென மாணவர் பலர் இதனையே நாடுகின்றனர். அதற்கு அளிக்கும் முகவரி பிழைபடின் நிகழ்வது யாது?

2015ஆம் ஆண்டு ஜனவரியில் இதற்கொரு சான்று வெளிப்பட்டது. 'ஸ்டீம்' என்னும் விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் பதிப்பில், தன் அடைவினுள் உள்ள யாவற்றையும் நீக்கும் வரியொன்று இருந்தது. அடைவின் முகவரி ஒரு மாறியில் வைக்கப்பட்டு, அதனையடுத்துச் சாய்கோடும் உடுக்குறியும் நின்றன. அவ்வடைவை இடம்பெயர்த்த ஒருவரது கணினியில் அம்மாறி வெறுமையாயிற்று. எஞ்சியவை சாய்கோடும் உடுக்குறியுமே. அவற்றின் பொருளோ, வேரிலிருந்து அனைத்தும் என்பது! அவருக்குரிய கோப்புகள் யாவும், காப்புப் பிரதிக்கென இணைத்திருந்த வெளித்தட்டிலுள்ளவையும், ஒருசேர மறைந்தன. இதில் வியப்பென்னவெனில், அவ்வரியின் அருகே 'அச்சந் தருவது!' என்னும் பொருள்படும் குறிப்பொன்றை நிரலாளரே எழுதிவைத்திருந்தனர். அஞ்சினவர் மாறி வெறுமையோவென ஒரு வரியாற் சோதித்திருக்கலாமே!

நீக்குமுன் ஒவ்வொரு முறையும் பயனரை வினவுக என்பர் சிலர். அதில் நமக்கு நம்பிக்கையில்லை. ஓயாது வினவப்படுவோன் படியாமலே 'ஆம்' என்று அழுத்தப் பழகிவிடுவான். நிரல் தான் உண்டாக்கியவற்றை மட்டும் நீக்கட்டும். பைத்தானின் 'டெம்ப்ஃபைல்' கூறு தற்காலிக அடைவைத் தானே ஆக்கி, வேலை முடிந்ததும் தானே நீக்கும். அங்கு பிறர் பொருளுக்கு ஊறில்லை. பிறர் கோப்பைத் தொடவேண்டின், முதலில் வேறோர் அடைவிற்குப் பெயர்த்துவைத்து, நீக்கப்படுவனவற்றின் பட்டியலைக் காட்டி, சில நாட் கழித்தே நீக்கலாம். இதனாற் சிறிது வட்டிடம் வீணாகும். வட்டிடம் பணங்கொடுத்தாற் கிடைக்கும்; ஈராண்டு உழைத்தெழுதிய ஆய்வேடு கிடைக்குமோ?