கரண்ட் இல்லாத மூன்று நாட்கள்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களின் ஓரம் கார்கள் வரிசைகட்டி நின்றன. அந்தப் படத்தைப் போட்டுக் கேலி செய்தவர்களும் உண்டு. கேலிக்கு அதில் ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில் வண்டியை வெள்ளத்துக்குப் பறிகொடுத்த பகுதி அது, பட்டவர்கள் விழித்துக்கொண்டார்கள். வருந்தத்தக்கது வேறொன்று. அதே மாலை பால் பாக்கெட்டும் ரொட்டியும் மெழுகுவத்தியும் தண்ணீர் கேனும் கடை கடையாகக் காலியாயின. காரை எங்கே நிறுத்தினால் தப்பும் என்று கணக்குப் போட்ட குடும்பங்கள், வீடு எப்படி மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கை மட்டும் கடைசி நேரத்துக்கு விட்டுவைத்திருந்தன. தென்சென்னைப் புறநகரில் அந்தக் கணக்கு கரண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். மற்ற தேவைகளில் பெரும்பாலானவை அதன் பின்னால் வரிசையில் நிற்பவை.

2015 முதல் 2023 வரை வந்த மூன்று பேரிடர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாறு ஊருக்குள் புகுந்தது. மறைமலைநகர் அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச்சேர முடியாமல், 1878இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பே ஒருநாள் வெளிவரவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. அதில் வெள்ளத்தைவிடக் காற்றுதான் பெரிய சேதம் செய்தது. மரமும் கம்பமும் விழுந்து பல தெருக்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் எல்லாம் மறுபடி நீரில் மிதந்தன. ஒன்று ஆற்றுவெள்ளம், ஒன்று சூறைக்காற்று, ஒன்று வடியாத மழைநீர். ஆனால் வீட்டுக்குள் இருந்தவர்கள் பட்ட பாடு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே: மோட்டார் ஓடவில்லை, லிஃப்ட் நின்றது, போன் செத்தது, ஏடிஎம் இயங்கவில்லை. வர்தாவின்போது பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்குக் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை.

இதை மின்வாரியத்தின் மேல் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது மின்னிணைப்பைத் துண்டிப்பது அலட்சியத்தால் நடப்பதல்ல. துண்டிக்காவிட்டால் ஆட்கள் சாவார்கள். மேலே கம்பி போகும் தெருவில் காற்று பகை. கேபிளைப் புதைத்த தெருவிலோ மின்விநியோகப் பெட்டியான பில்லர் பாக்ஸ் பல இடங்களில் தாழ்வாகவே நிற்கிறது. இந்தத் தண்ணீர் சீக்கிரம் வடிவதும் இல்லை. ஆதனூர் ஏரிப் பக்கமிருந்து வரும் நீர் அடையாறு வழியாகவும், செம்பாக்கம், சிட்லபாக்கம் போன்ற ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வழியாகவும்தான் கடலை அடைய வேண்டும். இடையில் எவ்வளவு வீடு கட்டியிருக்கிறோம் என்பது ஊரறிந்த கதை. ஆக, நாளைக்கே அப்பழுக்கற்ற நிர்வாகம் ஒன்று வந்தாலும் வெள்ளம் நிற்கும் வரை கரண்டை நிறுத்தித்தான் வைக்கும். ஏற்கெனவே கட்டிய ஊரில் அந்த இரண்டு, மூன்று நாள் இருட்டு மழைக்காலத்தின் ஓர் அங்கம்.

அப்படியானால் வீட்டில் எதையெல்லாம் கரண்டிலிருந்து கழற்ற முடியும்? முதலில் தண்ணீர். ஆயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கான நம் நாட்டு அளவுகோல் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அந்தக் கணக்கில் நான்கு பேர் உள்ள வீட்டில் தொட்டி இரண்டு நாள்கூட முழுதாக வராது. பேரிடர்க் காலத்துக்குப் பன்னாட்டு நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 15 லிட்டர். அதன்படி அதே தொட்டி 16 நாள் வரும். எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்பிவிட்டு, ஷவரையும் வாஷிங் மெஷினையும் மறந்து வாளிக்கு மாறுவதுதான் இந்த வித்தியாசம். இதற்குக் காசு செலவில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு. கேன் தண்ணீரிலேயே காலம் தள்ளும் தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் வழக்கமான கேனுக்கு மேல் இரண்டை நிரப்பி வைத்துச் சுழற்சியில் பயன்படுத்துவது பெரிய சுமையல்ல.

சிக்கல் தரையடி நீர்த்தொட்டியான சம்ப்பில் இருக்கிறது. பாதாளச் சாக்கடை இன்னும் முழுதாக வந்துசேராத இந்தப் புறநகரில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் உண்டு. அதுவும் சம்ப்பும் பல மனைகளில் சில அடி இடைவெளியில்தான் இருக்கின்றன. வெள்ளம் ஏறினால் இரண்டும் ஒன்று. சம்ப்பின் வாயை 2015இல் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேல் எழுப்பிக் கட்டி, இறுக மூடும் மூடி போடுவது ஒரு கொத்தனார் வேலை. புது ஓடுகளுக்கும் அலங்காரக் கேட்டுக்கும் செலவழிக்கும் மனம் இதற்கு ஏனோ வருவதில்லை. இன்னொன்று அடி பம்பு. கரண்ட் வேண்டாத அந்தக் கைப்பம்பு ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தது. நல்ல நீர் உள்ள வீட்டுக் கிணறுகளைக்கூடத் தளம் போட்டு மூடி, ராட்டினத்தைக் கழற்றி, உள்ளே மோட்டாரை இறக்கிவிட்டோம். மோட்டார் இருக்கட்டும். கூடவே ஒரு வாளி இறங்கும் அளவுக்குத் திறப்பும் கயிறும் இருந்தால் அந்தக் கிணறு இருட்டிலும் கிணறுதான். வெள்ளம் புகுந்த கிணற்று நீர் கழுவ மட்டும். குளோரின் போட்டு இறைத்துச் சுத்தம் செய்யும்வரை குடிக்க வேண்டாம்.

அடுத்து இன்வெர்ட்டர். அது இருக்கிறதே என்ற நிம்மதி பாதி உண்மை. வழக்கமான 150 ஆம்பியர் மணி பேட்டரி தாளில் 1,800 வாட் மணி கொண்டது. இழப்பெல்லாம் போக நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இரண்டு பழைய மின்விசிறி, டியூப்லைட், டிவி என்று 250 வாட் இழுத்தால் நான்கே மணி நேரம். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி ஒன்றே ஒன்று, இரண்டு எல்இடி விளக்கு என்று 50 வாட்டுக்குள் அடங்கினால் 20 மணி நேரம். விசிறியையும் விட்டுவிட்டால் அந்த ஒரு யூனிட் தெருவுக்கே போன் சார்ஜ் ஏற்றும். இந்த இன்வெர்ட்டரைத் தரைத்தள மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! முதல் ஓரடித் தண்ணீரிலேயே அது போய்விடும். சுவரில் உயரமாகத் தாங்கி அடித்து ஏற்றி வைப்பது அரைநாள் வேலை. மாடியில் சோலார் போட்டவர்களுக்கு வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய்வரை மானியம் பெற்றுப் பொருத்தப்படும் பலகைகளில் பெரும்பாலானவை மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காதிருக்க, கரண்ட் போனதும் அவை தாமாகவே நின்றுவிடும். பேட்டரியோடு தனித்தும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வைத்தால்தான் மின்தடையில் பயன். பொருத்த வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிபி, சர்க்கரை மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு முன்கூட்டி இருக்கட்டும். இன்சுலின் பயன்படுத்துவோர் ஃபிரிட்ஜ் நின்றதும் பதற வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின்கள் ஏறக்குறைய நான்கு வாரம் அறை வெப்பத்தைத் தாங்கும், ஈரமணலில் வைத்த மண்பானை கூடுதல் காப்பு. உங்கள் மருந்துக்கான கெடுவை மருத்துவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். மிக்சியும் கிரைண்டரும் இல்லாத நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, சத்துமாவு, பால்பவுடர். சில்லறையாக இரண்டாயிரம் ரூபாய். செல்போன் கோபுரங்களின் பேட்டரியும் சில மணி நேரம்தான் என்பதால் கட்டை பேட்டரியில் பாடும் ஒரு டிரான்சிஸ்டர்.

"இதெல்லாம் அரசின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவும் பேச்சு" என்பது வலுவான ஆட்சேபம். ஏரியை ஆக்கிரமிக்க விட்டது யார், சதுப்பு நிலத்தில் பட்டா கொடுத்தது யார் என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றை விடவே கூடாது. ஆனால் வீட்டில் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை. சிட்லபாக்கம் மக்கள் 2019இல் தாங்களே ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதனால் அரசு கைகழுவிக்கொண்டு போகவில்லை. பின்னர் அரசு நிதியில் சீரமைப்பே நடந்தது. நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. படகும் ஹெலிகாப்டரும் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். 2015இல் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து தெருத்தெருவாக மீட்டதை இந்த ஊர் மறந்திருக்காது. முதல் மாடியில் மூன்று நாள் சமாளிக்கக்கூடிய குடும்பம் பாலுக்காகப் படகை அழைத்தால், பக்கத்துத் தெருவில் டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தப் படகு கிடைக்காது.

அடுத்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்வது கடினம். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் இன்வெர்ட்டருக்கும் ஹைபிரிட் சோலாருக்கும் யார் பணம் கொடுப்பது? நகருக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து தாழ்வான இடத்தில், மாடி மேல் மாடியாக அடுக்கிவைக்கப்பட்டவர்கள் அவர்கள். லிஃப்டும் மோட்டாரும் நின்றால் மேல்தளத்து முதியவர் சிறைப்பட்டவர்தான். அங்கே தற்சார்பைப் போதிப்பது அபத்தம். அந்தக் கட்டடங்களைக் கட்டிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமே பிளாக்குக்கு ஓர் அடி பம்பு, படிக்கட்டில் சோலார் விளக்கு, வெள்ள மட்டத்துக்கு மேல் ஒரு ஜெனரேட்டர் என்று அமைத்துத்தர வேண்டும். வசதி உள்ளவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டால்தான், இல்லாதவர்களுக்கு அரசு முதலில் போக வேண்டும் என்று வாதாட முடியும். எச்சரிக்கை வந்த மாலையில் நாற்பது பால் பாக்கெட் அள்ளுகிறவர் அன்றாடக் கூலிக்காரரின் பங்கையும் அள்ளுகிறார். ஆடி, ஆவணியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறவரால் யாருக்கும் குறைவில்லை.

ஒவ்வொரு வீடும் தனிக்கோட்டையாகிவிடும் என்ற அச்சமும் உண்டு. கணக்கே அதற்கு இடம் தராது. அடுக்குமாடியின் மேல்தொட்டி பொது. ஒரு வீடு அடக்கமாகச் செலவழித்து மறுவீடு வழக்கம்போலக் குளித்தால் இருவருக்கும் இரண்டாம் நாள் தண்ணீர் இல்லை. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று வால்வைத் திறக்கும் முறை 2019 பஞ்சத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில், பல குடியிருப்புகளுக்குப் பழகிப்போனது. மழைக்காலத்துக்கும் அதையே எழுதி வைக்கலாம். யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், யாரிடம் ஏணியும் கயிறும் உண்டு, யார் நர்ஸ் என்ற பட்டியல் சங்கச் செயலாளரிடம் காகிதத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் போதாது. 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். ஸ்வீடன் அரசு 2018இல் வீட்டுக்கு வீடு நெருக்கடிக் காலக் கையேடு அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் 72 மணி நேரத்துக்குத் தயாராக இருக்கும்படி தன் குடிமக்களைக் கேட்டுக்கொண்டது. 2021இல் மாநகராட்சியான தாம்பரம், சொத்துவரி ரசீதோடு நான்கு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றை ஒவ்வொரு வார்டின் பழைய வெள்ள மட்டத்தோடு அச்சிட்டுக் கொடுப்பதில் என்ன தடை?

இதற்கெல்லாம் ஒத்திகை எப்படிப் பார்ப்பது என்றால், மின்வாரியமே அதற்கு நாள் குறித்துத் தருகிறது. பராமரிப்புப் பணிக்காக 'நாளை மின்தடை' என்று செம்பாக்கம், சேலையூர், பெருங்களத்தூர் பெயர்களோடு பத்திரிகைகளின் உள்பக்கத்தில் அறிவிப்பு வருகிறது. காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டுவரை என்பதுபோல் சில மணி நேரம்தான். ஐப்பசிக்கு முன் வரும் அப்படிப்பட்ட ஒரு நாளில் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, மோட்டார் இல்லாமல் சமைத்து, குளித்து, மாடியிலிருக்கும் பாட்டியைக் கீழே இறக்கி ஏற்றிப் பாருங்கள். எது முதலில் கைவிடுகிறதோ அதை அந்த வார இறுதியிலேயே சரிசெய்துவிடலாம்.