பெற்றவள் யாரென்று கேட்பது குற்றமா?

குந்தி தன் தலைமகனைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டாள். பெற்றவள் யாரென்ற உண்மை கர்ணனை எட்டியபோது, போர் வாசலில் வந்து நின்றது. அக்கதையைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் இந்நாட்டிலிருந்தே ஆயிரக்கணக்கான குழந்தைகள் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். பேழைக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது அரசாங்க முத்திரை பதித்த பத்திரம்!

1970களிலும் 1980களிலும் ஒல்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்கு இலங்கைக் குழந்தைகள் மகவேற்பில் சென்றனர். ஐரோப்பாவுக்குச் சென்றோர் 11,000 வரை இருக்கலாமென 2017இல் ஒல்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று கூறிற்று. அவர்களுள் அன்பான இல்லங்களில் வளர்ந்தோர் பலர். வளர்த்தோரை நாம் பழிக்கவில்லை. எமது வழக்கு வேறு.

வளர்ந்த பிள்ளை பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை ஏந்திக்கொண்டு கட்டுநாயக்காவில் வந்திறங்குகிறது. பத்திரத்திற் கண்ட ஊரைத் தேடிச் செல்கிறது. அங்கே அப்பெயருடையாள் எவளுமில்லை. இருந்தாலும், “உன்னைப் பெற்றவள் நானல்ல” என்கிறாள். கூலிக்குத் தாயாக நடித்த பெண்கள் இருந்தனர் என்பது இன்று வெளியான உண்மை. குழந்தை இறந்துவிட்டதென வைத்தியசாலையிற் சொல்லப்பட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பியதாக முறையிடும் தாய்மாரும் உளர்.

பொய் சொன்னவன் தரகன் என்று கூறி அரசு கைகழுவ முடியுமா? 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி கட்டளை பிறப்பிப்பது நீதிமன்றம்; அதனைப் பதிந்து வைப்பவர் பதிவாளர் நாயகம். தரகனின் பொய்க்கு மெய்யின் உடை உடுத்தியது அரசின் முத்திரையே அன்றோ?

குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட நாடுகள் தம் தவறை ஓரளவேனும் ஒப்புக்கொண்டன. சுவிற்சர்லாந்து அரசு 2020இல் வருத்தம் தெரிவித்தது. ஒல்லாந்து அரசு 2021இல் விசாரணைக் குழுவின் அறிக்கையை ஏற்று மன்னிப்புக் கோரியது. இலங்கையிலோ, 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் மரபணு வங்கி அமைப்பதாக வாக்களித்தார். வாக்கு வயிற்றை நிரப்பாது. தாயையும் தேடித் தராது.

இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை பிள்ளைக்குண்டு என்கிறது ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம். 1991இல் அதனை ஏற்றது இலங்கை. ஏற்ற கடனை இறுப்பதற்கு இன்னும் என்ன தடை?

தாயின் மானம் என்பர் சிலர். வறுமைக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சிப் பிள்ளையைக் கொடுத்தவளின் மறைவைக் காப்பது கடமையே. அவளை இரகசியமாக அணுகி, அவள் சம்மதத்தைக் கேட்டறியலாம். ஆனால், அவள் மானத்தைக் காப்பதாகச் சொல்லிக் கள்ளப் பத்திரம் எழுதியவனைக் காப்பாற்றுவது எந்த அறம்?

நீதிமன்ற ஏடுகளும் வைத்தியசாலைப் பதிவேடுகளும் தேடி வரும் பிள்ளைகளுக்குத் திறக்கப்படல் வேண்டும். ஏழைத் தாயும் பணச்செலவின்றி மரபணுச் சோதனை செய்துகொள்ள வழி வேண்டும். அன்றைய தாய்மார் இன்று மூதாட்டிகள். பதிவேடு காத்திருக்கும், அவர்கள் காத்திருப்பார்களா?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார், “எம் பிள்ளைகள் எங்கே?” என்று கேட்டனர். கடல் கடந்த பிள்ளைகள், “எம் தாய் எங்கே?” என்று கேட்கின்றனர். சிங்களத் தாயாயினும் தமிழ்த் தாயாயினும் கேள்வி ஒன்றே. பதில் சொல்லவேண்டிய அரசும் ஒன்றே.

கர்ணனுக்கு உண்மை காலந்தாழ்த்திக் கிடைத்தது. இப்பிள்ளைகளுக்கும் அக்கதி நேர விடலாமா?