வயலில் கால் வைத்துப் பார்க்காமல் அழிக்காதீர்: கொலம்பியக் கோகா உழவர்களுக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

கொலம்பிய அரசுக்கும், அதனோடு சேர்ந்து, கொக்கெய்னின் மூலமான கோகாப் பயிரைச் செயற்கைக்கோள் படங்களால் ஆண்டுதோறும் அளந்துவந்துள்ள ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகத்துக்கும், அந்தப் படங்களில் கோகாவை இனங்காணும் நிரல் எழுதுவோருக்கும் இதை முன்வைக்கிறோம்.

2023-இல் அந்நாட்டில் 2,53,000 ஹெக்டேரில் கோகா இருந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. அளப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அளந்தே ஆக வேண்டும். நாடு முழுமைக்கும் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் வயலில் கைவைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட் நிலம். அதற்குள் வாழை, மரவள்ளி, கோகா மூன்றும் நிற்கலாம். இலை பறிப்பவர்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கிளையை ஒரே இழுப்பில் உருவுவார்கள், ஆண்டுக்குப் பலமுறை. உருவி முடித்த தோட்டம் மேலிருந்து பார்த்தால் தரிசுபோலத் தெரியும். பசிபிக் கரையோர நரிஞோவில் மேகம் விலகுவதே அரிது. ஒரு வட்டாரத்து வயல்களைக் காட்டிப் பழக்கிய நிரல் அடுத்த வட்டாரத்தில் தடுமாறும்.

ஆகவே, நிரல் 'கோகா' என்று காட்டியதை மட்டும் நம்பி எந்த வயலையும் அழிக்கக் கூடாது. ஆள் நேரில் போய், குடும்பத்தாரை உடன் வைத்துப் பார்த்து, எழுத்தில் பதிந்த பிறகே மற்றதெல்லாம். நடக்காத காரியம் என்று சொல்ல வேண்டாம். கிளர்ச்சியாளர்களோடு அரசு செய்துகொண்ட 2016 அமைதி உடன்பாட்டுக்குப் பின் ஏறத்தாழ 99,000 குடும்பங்கள் சேர்ந்த பயிர் மாற்றுத் திட்டத்தில் வயல்களை நேரில் சரிபார்த்தவர்கள் இதே ஐ.நா. அலுவலகத்தார்தான்.

வானிலிருந்து கிளைஃபோசேட் களைக்கொல்லி தெளித்த காலத்தில் கோகாவோடு உணவுப் பயிர்களும் கருகின. எல்லை தாண்டிய பாதிப்புக்காக ஈக்வடார் 2008-இல் சர்வதேச நீதிமன்றம் போனது. 2013-இல் கொலம்பியா 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2015-இல் விமானத் தெளிப்பு நின்றது. இப்போது நிரலின் துல்லியத்தைக் காட்டி, விமானத்திலோ ட்ரோனிலோ அதைத் திரும்பக் கொண்டுவராதீர்.

நிரல் எங்கெங்கே, எவ்வளவு தவறுகிறது என்பதை வட்டாரவாரியாக வெளியிடுங்கள். ஆனால் தனித்தனி வயல்களின் இருப்பிடத்தை வெளியிடாதீர். ஆயுதக் குழுக்கள் நடமாடும் மண்ணில் அது உயிருக்கு உலை வைக்கும். தன் வயலைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் மறுக்கவும் உழவருக்கு உரிமை வேண்டும், பழங்குடியினருக்கு அவர்கள் மொழியிலேயே. நாசா என்னும் பழங்குடி மக்கள் மெல்லுவதற்காக வளர்க்கும் கோகாவுக்கும் கொக்கெய்னுக்குப் போகும் கோகாவுக்கும் வானிலிருந்து வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. கோகாப் பசையை வாங்க வியாபாரி ஊருக்கே வருகிறார். வாழைத்தாரை விற்க உழவர் தோணியிலும் கோவேறு கழுதையிலும் சுமந்து போக வேண்டியிருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் கூலிக்கே காசு கரைந்துவிடும். அதே படங்களில் சாலை இல்லாத ஊர்களும் தெரிகின்றன. கோகா வரைபடம் வெளியாகும்போதெல்லாம், அந்தந்த ஊரிலிருந்து சந்தையும் பள்ளியும் மருத்துவமனையும் எவ்வளவு தூரம், எத்தனை பேருக்கு நிலப்பட்டா உண்டு என்பதும் சேர்ந்தே வெளியாக வேண்டும்.

2017 அக்டோபரில் நரிஞோவின் துமாகோவில், கட்டாய அழிப்பை எதிர்த்துத் திரண்ட உழவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசின் சொல்லை நம்பித் தாமாகவே செடியைப் பிடுங்கிய எத்தனையோ குடும்பங்கள் வாக்களித்த உதவிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. அந்தப் பாக்கியைத் தீர்க்காத எந்த ஊருக்கும் வரைபடத்தைக் கையில் கொடுத்துப் படையை அனுப்பாதீர்.