மென்கையும் வன்பாறையும்

கோலார் தங்கவயலில் நிலத்துக்குக் கீழே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை மனிதர் இறங்கி உழைத்தனர். வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் அவருள் மிகப் பலர். பாறைச் சிதறலில் உயிரிழந்தோரும் உண்டு. கல்தூசியால் நுரையீரல் கெட்டு நலிந்தோரும் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கப் பணி நின்றது. அவ்வூர் மாணவர் இன்று எந்திரக் கை ஒன்றைச் செய்ய முற்பட்டால், இரும்புக் கையை விடுத்து மென்கையையே செய்தல் வேண்டும்.

இரும்பு விரலுக்குத் தான் எடுக்கும் பொருளின் வடிவமும் அளவும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். மென்கையோ தொட்ட பொருளுக்கேற்ப வளைந்துகொடுக்கும். செய்முறையும் கடினமன்று. அச்சில் நீர்மச் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, உள்ளே சிறுசிறு காற்றறைகள் வரிசையாக அமைந்த விரலை வார்ப்பர். அதன் அடிப்புறத்தில் நீளாத தாளையோ துணியையோ பதிப்பர். காற்றைச் செலுத்தினால் மேற்புறம் விரியும். அடிப்புறம் நீள மறுக்கும். விரல் உள்நோக்கி மடங்கும். 2010இல் கார்னெல், சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர் இதனினும் எளிய வழியைக் காட்டினர். பலூனில் காப்பித்தூளை நிரப்பி, பொருளின்மேல் அழுத்தி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சினர். தூள் இறுகிப் பொருளைப் பற்றிக்கொண்டது. காப்பி விளையும் கர்நாடகத்தில் இச்சோதனைக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

வலிய எந்திரங்கள் இருக்க இஃது எதற்கு என்று கேட்போர் 2023 நவம்பரை நினைவுகூர்தல் நலம். உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர் சிக்கினர். துளையிடும் பேரெந்திரம் பழுதானபின், கடைசிச் சில மீட்டரைக் கையால் தோண்டி அவர்களை மீட்க வழிசெய்தோர் ‘எலிவளை’ முறையில் தோண்டும் தொழிலாளரே. நாடு அவர்களைப் போற்றியது தகும். அடுத்த முறையும் அவர்களையே இடிபாட்டுக்குள் அனுப்புவது தகுமா?

மென்கையின் குறையை மறைத்தலும் ஆகாது. கூரிய கல்லில் சிலிக்கோன் கிழியும்; பெருஞ்சுமையை அது தாங்காது. முட்டையையும் பழத்தையும் நசுக்காமல் எடுத்துக்காட்டுவதே இக்கைகளுக்கு வழக்கமான தேர்வு. தங்கவயலின் பொன்னோ குவார்ட்ஸ் பாறைக்குள் இருந்தது. உடைந்தால் கத்திபோல் விளிம்பு கொள்ளும் கல் அது. அங்குள்ள மாணவர் அக்கல்லையே தேர்வுப் பொருளாகக் கொள்ளலாம். தடித்த துணியுறை கையைக் காக்குமா, அன்றி வளைவைத் தடுக்குமா? ஓர் அறை கிழிந்தால் மற்றவற்றைக் கொண்டு விரலை இயக்க இயலுமா? சுரங்கத்தில் உழைத்த முதியோர் அவ்வூரில் இன்றும் உள்ளனர். குவிந்த கற்களில் எதை முதலில் எடுத்தால் மேலுள்ளவை சரியா என்பதை அவர்களிடம் கேட்டறிந்த பின்னரே அச்சு வரையத் தொடங்குதல் வேண்டும்.