பின்லாந்துக்குப் போகும் நாய்... திண்டுக்கல்லுக்கு வந்த நாய்!

ஒரு சின்னக் கற்பனை. உங்கள் மகனுக்கு ஹெல்சிங்கியில் வேலை கிடைத்துவிட்டது. திண்டுக்கல்லில் இருந்து நேரே பின்லாந்து! மருமகள், பேரன் எல்லோரும் கிளம்பத் தயார். ‘மணியை விட்டுட்டு நான் வர மாட்டேன்’ என்று பேரன் அடம்பிடிக்கிறான். மணி, ஐந்து வருடமாக வீட்டில் வளரும் நாய். சரி, அதையும் கூட்டிக்கொண்டே போகலாம் என்று முடிவெடுக்கிறீர்கள்.

என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா?

முதலில் மணியின் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய யூனியன் அங்கீகரித்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருக்கிறது என்று சான்று வாங்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளில் இருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். பின்லாந்துக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்தில் இருந்து 120 மணி நேரத்துக்கு முன்பு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உள்ளே விட மாட்டார்கள்.

‘ரொம்ப ஓவரா இல்லை?’ என்று கேட்காதீர்கள். 1991 முதல் ரேபிஸ் இல்லாத நாடு அது. 2007ல் இந்தியாவில் இருந்து அங்கே போன ஒரு நாய்க்கு ரேபிஸ் இருந்தது தெரியவந்தது. அவர்கள் கறாராக இருப்பதில் தப்பே இல்லை.

போய்ச் சேர்ந்ததும் கதை முடிந்துவிடாது. அரசின் பதிவேட்டில் நாயைப் பதிய வேண்டும். 2023ல் இருந்து அங்கே இது சட்டம். ஊருக்குள் கயிறு இல்லாமல் நடத்தக் கூடாது. அது போகிற ‘ரெண்டு’க்கு நீங்கள்தான் பொறுப்பு. கையில் பை இல்லாமல் வெளியே போக முடியாது. வெளியே மைனஸ் 20 டிகிரியோ, காலை ஒன்பது மணி வரை விடியாத டிசம்பரோ, நாயை நடத்தியே ஆக வேண்டும். பனியில் கால் வெடிக்காமல் அதற்கு ஷூ, குளிருக்குக் கோட்டு, இருட்டில் வண்டிக்காரன் கண்ணில் படுகிற மாதிரி மினுக்குப் பட்டை.

ஆக, ஒரு நாயை அந்நிய மண்ணில் குடியமர்த்த நினைக்கிற மனிதனிடம், ‘உன்னால் முடியுமா? யோசித்துச் சொல்’ என்று நாலு மாதம் அவகாசம் கொடுத்துக் கேட்கிறது அந்த நாடு.

இப்போது திண்டுக்கல்லுக்குத் திரும்பி வருவோம். இங்கே நாம் யாரும் அந்நியர் இல்லை. மலைக்கோட்டை நம்முடையது, பூட்டு நம்முடையது, பிரியாணி நம்முடையது, வெயிலும் நம்முடையது. ஆனால், நம் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே நீலக் கண்ணோடு, வெள்ளையும் சாம்பலுமாகப் புசுபுசுவென்று ஒருத்தர் நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கிறாரே... சைபீரியன் ஹஸ்கி. அவர்தான் வெளிநாட்டுக்காரர்! ‘உன்னால் இங்கே வாழ முடியுமா?’ என்று அவரிடமும் யாரும் கேட்கவில்லை. அவரை வாங்கியவரிடமும் யாரும் கேட்கவில்லை. கடையில் பணத்தைக் கட்டினோம், அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் விசா.

யார் இந்த ஹஸ்கி? சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்ச்சி என்கிற மக்கள், பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனத்தின் வாரிசு. 1925 குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, பனிப்புயலில் விமானம் பறக்க முடியாத நிலையில், சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை வண்டி நாய்கள்தான். 20 வண்டிக்காரர்கள் கைமாற்றி கைமாற்றி, ஐந்தரை நாளில் முடித்த ஓட்டம் அது. அதில் மிக ஆபத்தான பகுதியை ஓட்டிய லியோன்ஹார்ட் ஸெப்பாலா, நார்வேயில் பிறந்த, பின்லாந்து வம்சாவளிக்காரர்.

மைனஸ் 40 டிகிரியில் ஓடப் பிறந்த உடம்பு. அதற்கு இரண்டு அடுக்கு ரோமம். நமக்கு வெயிலில் உடம்பு முழுக்க வியர்த்து, அந்த ஈரம் காய்ந்து சூடு தணிகிறது. நாய்க்கு அந்த வசதி கிடையாது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்து, நாக்கில் இருக்கும் ஈரத்தைக் காயவைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பமே 38, 39 டிகிரி. சித்திரையில் திண்டுக்கல் வெயில் 40ஐத் தொடும்போது, வெளியே இருக்கிற காற்றே அதன் உடம்பைவிடச் சூடு! உள்ளே 41 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அப்புறம் அது நாக்கைத் தொங்கப் போடுவதைப் பார்த்து, ‘சிரிக்குது பாருங்க’ என்று செல்ஃபி எடுக்கிறோம். அது சிரிக்கவில்லை சார். தவிக்கிறது.

இதைச் சொன்னால் நாலு பதில் ரெடியாக வரும்.

‘எங்க வீட்ல ஏ.சி. இருக்குங்க.’ இருக்கட்டும். நாள் முழுக்க ஓடுமா? கரன்ட் போனால்? தினமும் பல கிலோமீட்டர் ஓடப் பிறந்த நாயைப் பத்துக்குப் பத்து ரூமில் அடைத்துக் குளிர்ச்சி காட்டுவதற்குப் பெயர் ஏ.சி. ஜெயில்.

‘முடியை மொட்டை அடிச்சுட்டோம்.’ பாவம்! அந்த ரோமம் குளிரை மட்டுமல்ல, வெயிலையும் ஓரளவு தடுக்கிற கூரை. ஒட்ட வழித்தால் தோல் நேரடியாக வெயிலில் வேகும். திரும்ப ஒழுங்காக வளராமலும் போகலாம். செய்ய வேண்டியது தினமும் சீவி, உதிர்ந்த முடியை எடுப்பது மட்டும்தான்.

‘இது இங்கேயே பிறந்ததுங்க, பழகிடுச்சு.’ ஹெல்சிங்கியில் பிறக்கிற தமிழ்க் குழந்தை ஃபின்னிஷ் பேசும், ஐஸில் சறுக்கும். ஆனால், அந்த இருட்டுக் குளிர்காலத்தில் அதற்கு வைட்டமின் டி கொடுத்தே ஆக வேண்டும். பிறந்த சான்றிதழில் ஊர் பெயர் மாறினால் தோல் மாறிவிடாது. ரெண்டு தலைமுறையில் ரோமமும் மாறாது.

‘நம்ம மாவட்டத்துலதானே கொடைக்கானல் இருக்கு!’ இருக்கிறது. நீங்கள் குடியிருப்பது அங்கே இல்லையே!

வெயில் மட்டும்தான் பிரச்னை என்றும் நினைக்காதீர்கள். நம் சமவெளியில் உண்ணி வருடம் முழுக்க உண்டு. அடர்ந்த ரோமத்துக்குள் அது புகுந்துகொண்டால் கண்ணிலேயே படாது. அது கொண்டுவருகிற ரத்தக் காய்ச்சலில் நாய் சாப்பாட்டை நிறுத்தி, மூக்கில் ரத்தம் வடிகிறபோதுதான் நமக்கு விஷயமே தெரியும்.

இந்த மோகம் எங்கிருந்து வந்தது? 2003ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையனுக்குப் பின்னாலேயே ஒரு பக் நாய் போனது ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் தெருவுக்குத் தெரு பக். மூக்கே இல்லாமல் சப்பென்று இருக்கிற அந்த முகத்தோடு மூச்சு விடவே திணறுகிற ஜீவன் அது. மூச்சிரைத்து உடம்பைக் குளிர வைக்க அதனால் எப்படி முடியும்? அடுத்து 2011ல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் வந்தது. ஓநாய் மாதிரி நாய் வேண்டும் என்று உலகம் முழுக்க ஹஸ்கி மோகம். நடிகர் போட்ட சட்டையை வாங்கிப் போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அலமாரியில் போடலாம். நாயை எங்கே போடுவீர்கள்? பைபாஸ் ஓரத்தில்தான் போடுகிறார்கள்.

அரசாங்கம் சும்மா இருந்ததா? இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2016ல் வியாபாரத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. ஆனால், ஏற்கெனவே இங்கே இருந்த நாய்கள் குட்டி போட்டுக்கொண்டேதான் இருந்தன. 2017ல் நாய் வளர்ப்பு, விற்பனைக்கென்றே தனி விதிகள் வந்தன. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நம்மில் எத்தனை பேர் குட்டி வாங்கும்போது பதிவுச் சான்றிதழைக் கேட்டிருக்கிறோம்? ‘கண்ணு நீலமா இருக்குமா?’ என்று மட்டும்தான் கேட்டோம்.

2024ல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட சில இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. உடனே நாய் வளர்ப்புத் துறையில் எதிர்ப்புக் கிளம்பியது. ‘எங்கள் தொழில் என்னாவது?’ என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த நாயின் கதி என்னாவது என்பது அதைவிட நியாயமான கேள்வி.

இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். நாயை எந்நேரமும் கட்டியே போட்டு, ஓட நடக்க விடாமல் வைத்திருப்பது 1960ம் வருட விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறை மாட்டினால் அந்தச் சட்டம் சொல்கிற அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. நம் ஊரில் 50 ரூபாய்க்குக் குஸ்காகூடக் கிடைக்காது. அந்த விலைக்குக் குற்றம் கிடைக்கிறது!

‘அப்படின்னா நாட்டு நாய்தான் பெஸ்ட்’ என்று மீசையை முறுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை... நான்குமே நம் தென்மாவட்டத்து மண்ணின் நாய்கள்தான். 2005ல் ராஜபாளையத்துக்குத் தபால் தலையே வந்தது. 2020ல் பிரதமர் வானொலியில் இவற்றின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நமக்கும் பெருமைதான். ஆனால், பெருமை வேறு, வளர்ப்பு வேறு. கன்னியும் சிப்பிப்பாறையும் முயலை விரட்டிப் பிடிக்கப் பிறந்தவை. காடு கரையில் காற்றாகப் பறக்க வேண்டிய அந்தக் கால்களை இரண்டு மீட்டர் சங்கிலியில் கட்டிப்போட்டு, ‘பாரம்பரியத்தைக் காக்கிறேன்’ என்று சொல்வது பொய். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்று சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதும் நம் ஆசை செய்த வேலைதான். சைபீரியாக்காரனுக்கு வெயில் கொடுமை. சொந்த ஊர்க்காரனுக்குச் சங்கிலி கொடுமை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நாயை நாயாகப் பார்க்காமல், நம் கௌரவத்தின் நெம்பர் பிளேட்டாகப் பார்க்கிறோம்.

2025 ஆகஸ்ட்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ‘எல்லாத்தையும் பிடிச்சு அடைச்சு வை’ என்று ஒரு கட்சி, ‘தொடாதே’ என்று ஒரு கட்சி. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஒருபக்கம் தெருவில் நாய் அதிகம் என்று கத்திக்கொண்டே, இன்னொரு பக்கம் காசு கொடுத்துப் புதிதாகக் குட்டி போடவைப்பது என்ன கணக்கு என்று அந்தச் சண்டையில் எத்தனை பேர் கேட்டோம்? அதே ஆகஸ்ட் 22ம் தேதி உத்தரவில் ஒரு நல்ல வரி இருந்தது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால், எடுத்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. சண்டை சத்தத்தில் இந்த வரி பலர் காதில் விழவே இல்லை.

ஆகவே, வாசகர்களே...

வீட்டில் ஏற்கெனவே ஹஸ்கி இருந்தால், இதைப் படித்துவிட்டு அதைக் கொண்டுபோய் எங்கேயும் விட்டுவிடாதீர்கள். அதைவிடப் பெரிய பாவம் இல்லை. விடியலுக்கு முன்பும், இருட்டிய பிறகும் மட்டும் நடத்துங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தையும், எப்போதும் தண்ணீரையும் அதற்கு ஒதுக்குங்கள். தள்ளாடினாலோ, விடாமல் மூச்சிரைத்து எச்சில் ஒழுகினாலோ உடனே உடம்பை நனைத்து, ஃபேனைப் போட்டு, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதற்கு இன்னொரு ஜோடி தேடி, குட்டி போடவைத்துக் காசு பார்க்காதீர்கள். கருத்தடை செய்துவிடுங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், வாங்காதீர்கள். யாரும் வாங்காவிட்டால் யாரும் விற்க மாட்டார்கள். சட்டத்தால் முடியாதது உங்கள் மணிபர்ஸால் முடியும்.

நாய் வேண்டும் என்ற ஆசை நிஜம்தான் என்றால், கதவைத் திறந்து தெருவைப் பாருங்கள். எதிர்வீட்டு லாரி நிழலில் செம்பட்டை நிறத்தில் ஒன்று படுத்திருக்கும். இந்த வெயில் அதற்குப் பழக்கம். உண்ணியோடு அதன் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் போராடியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், ஏ.சி. வேண்டாம். ஒரு தடுப்பூசி, ஒரு கருத்தடை ஆபரேஷன், ரெண்டு வேளை சோறு, ஒரு பெயர். போதும், அது உங்கள் வீட்டுக்காரன்.